மூன்று கணக்கு, நான்கு மணி நேரம், கையில் புத்தகம்: ஹங்கேரியின் கியூர்ஷாக் நினைவுப் போட்டி

கேள்வி: ஹங்கேரியில் கியூர்ஷாக் நினைவுக் கணிதப் போட்டி என்று ஒன்று நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறதாமே? மூன்றே கணக்கு, நான்கு மணி நேரம், புத்தகம் நோட்டு எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று படித்தேன். புத்தகம் பார்த்து எழுதினால் அது எப்படிப் போட்டியாகும்? அதில் பரிசு வாங்கியவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள் என்பது உண்மையா? என் மகள் பத்தாம் வகுப்பு. அவள் இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்:

நீங்கள் படித்தது சரிதான். 1894இல் ஆரம்பித்த போட்டி அது. மூன்று கணக்கு, நான்கு மணி நேரம், விருப்பமான புத்தகங்களும் குறிப்பேடுகளும் கூட வைத்துக்கொள்ளலாம் என்ற அமைப்புதான் அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது. புத்தகம் பார்த்தால் எப்படிப் போட்டியாகும் என்பதற்கு நான் விளக்கம் சொல்வதைவிட, முதல் ஆண்டின் முதல் கணக்கையே பார்த்துவிடலாம்.

க, ச இரண்டும் முழு எண்கள். 2க + 3ச என்பது 17ஆல் மீதியின்றி வகுபட்டால் 9க + 5ச என்பதும் 17ஆல் வகுபடும். இரண்டாவது வகுபட்டால் முதலாவதும் வகுபடும். இதை நிரூபிக்க வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

முதலில் எண்களைப் போட்டுப் பாருங்கள். க = 7, ச = 1 என்றால் முதல் கோவை 14 + 3 = 17. இரண்டாவது 63 + 5 = 68, அதாவது நான்கு பதினேழு. சரியாக வருகிறது. ஆனால் ஏன் எப்போதும் வரவேண்டும்? இதற்கு எந்தப் புத்தகத்தைத் திறப்பீர்கள்? வகுபடும் தன்மை பற்றிப் புத்தகம் சொல்லக்கூடியது எல்லாம் அந்த மாணவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது, அதை இந்த இடத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான். முதல் கோவையை 4ஆல் பெருக்கி இரண்டாவதோடு கூட்டினால் 8க + 12ச + 9க + 5ச, அதாவது 17க + 17ச. இந்தக் கூட்டுத்தொகை எப்போதும் 17ஆல் வகுபடும். ஆகவே முதல் கோவை வகுபட்டால் இரண்டாவதும் வகுபட்டே ஆகவேண்டும்.

திரும்பி வரும் வழியில்தான் ஒரு சின்ன இடறல் இருக்கிறது. இரண்டாவது கோவை வகுபட்டால், முதல் கோவையின் நான்கு மடங்கு வகுபடும் என்றுதான் நேரடியாகக் கிடைக்கும். நான்கு மடங்கு வகுபட்டால் அந்தக் கோவையே வகுபடுமா? 17 பகா எண், 4க்கும் 17க்கும் பொதுக் காரணி இல்லை, ஆகவே வகுபடும். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் நிரூபணம் முழுமையாகாது. வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுக்கும்போதெல்லாம், 4ஐக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இந்த வரியை விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கண்டுபிடிப்பது ஒரு திறமை, கண்டுபிடித்ததை ஓட்டையில்லாமல் எழுதுவது இன்னொரு திறமை. போட்டி இரண்டையும் கேட்கிறது.

அந்த 4 எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகள் கேட்டால் (கேட்கவேண்டும்!) இப்படிச் சொல்லுங்கள். 2ஐ எதனால் பெருக்கி 9ஐக் கூட்டினால் 17 வரும்? 4ஆல். அதே 4ஆல் 3ஐப் பெருக்கி 5ஐக் கூட்டினாலும் 17தான். கணக்கை அமைத்தவர் அப்படி அமைத்திருக்கிறார். அதைக் கண்டுகொள்ள நூலகம் முழுவதையும் மேசையில் வைத்தாலும் பலன் இல்லை, கொஞ்ச நேரம் எண்களோடு பழகினால் போதும். புத்தகத்தை அனுமதிப்பதால் போட்டி எளிதாகிவிடவில்லை. சூத்திரம் மறந்துவிட்டதே என்று ஒரு பிள்ளை தோற்கும் வாய்ப்பைத்தான் அது எடுத்துவிடுகிறது. என் பார்வையில் இந்தப் போட்டியின் மிக நேர்மையான விதி அதுதான்.

இனி வரலாறு. போட்டி முதலில் கியூர்ஷாக் பெயரில் இல்லை. 1891இல் புடாபெஸ்ட்டில் கணித, இயற்பியல் சங்கம் ஒன்று உருவானது. அதன் தலைவர் பிரபு லோராண்ட் எட்வெஷ், இயற்பியலாளர். முறுக்குத் தராசு என்ற மிக நுட்பமான கருவியால், எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் நிலைமத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை என்று அளந்து காட்டியவர். பின்னாளில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கைக்கு அந்த அளவீடு முக்கியமான ஆதாரமாக நின்றது. 1894 ஜூனில் எட்வெஷ் ஹங்கேரியின் கல்வி அமைச்சரானார். தங்கள் தலைவருக்குக் கிடைத்த அந்தப் பெருமையைக் கொண்டாட சங்கம் தேர்ந்தெடுத்த வழி, அந்த ஆண்டு பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு ஒரு கணிதப் போட்டி. புடாபெஸ்ட்டிலும், அன்று ஹங்கேரியில் இருந்து இன்று ருமேனியாவில் இருக்கும் கொலோஷ்வார் நகரிலும் ஒரே சமயத்தில் தேர்வு நடந்தது. எட்வெஷ் 1895 ஜனவரியிலேயே அமைச்சர் பதவியை விட்டுவிட்டார். போட்டி அவர் பதவியையும் தாண்டி, அவர் நாட்டின் எல்லைகள் மாறியதையும் தாண்டி நிற்கிறது. ஒரு மனிதரைச் சிறப்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இடையில் நின்ற ஆண்டுகளும் உண்டு. முதல் உலகப் போருக்குப் பிந்திய குழப்பத்தில் 1919 முதல் 1921 வரை நடக்கவில்லை. 1944 முதல் 1946 வரையும் இல்லை. 1949இல் இருந்து அது கியூர்ஷாக் பெயரில், போல்யாய் யானோஷ் கணிதச் சங்கத்தின் பொறுப்பில் நடக்கிறது. எட்வெஷ் இயற்பியலாளர் என்பதால் அவர் பெயர் இயற்பியல் போட்டிக்குப் போனது. பள்ளியில் படித்துக்கொண்டிருப்பவர்களும் இப்போது எழுதலாம். அக்டோபரில் தேர்வு.

யோசெஃப் கியூர்ஷாக் (1864–1933) யார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நினைவுப் போட்டி என்கிறோமே தவிர பெயருக்கு உரியவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பேராசிரியராக இருந்தவர். 1912இல் கேம்பிரிட்ஜில் நடந்த உலகக் கணித மாநாட்டில், எண்களின் அளவை வேறு விதமாக மதிப்பிடும் முறைகளுக்கு ஒரு பொதுவான அடிப்படையை முன்வைத்தார். இன்று இயற்கணித எண்கோட்பாடு படிக்கும் எவரும் அந்தக் கருத்தைக் கடந்துதான் போகவேண்டும். அவ்வளவு பெரிய விஷயத்தைச் செய்தவருக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சின்னச் சின்ன அழகுகளிலும் அதே ஆர்வம் இருந்தது.

ஒன்று சொல்கிறேன். ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் ஒழுங்கான பன்னிரு கோணம் வரைந்தால் அதன் பரப்பு சரியாக 3. பின்னம் இல்லை, வர்க்கமூலம் இல்லை, வெறும் 3. மையத்திலிருந்து பன்னிரண்டு முக்கோணமாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் பரப்பும் கால், ஆகவே மொத்தம் 3 என்று சைன் 30 பாகை தெரிந்த எவரும் கணக்கிட்டுவிடலாம். கியூர்ஷாக் அதோடு நிற்கவில்லை. வட்டத்தைச் சுற்றிப் பக்கம் 2 உள்ள ஒரு சதுரத்தை வரைந்து, அதைச் சமபக்க முக்கோணங்களும் மெல்லிய இருசமபக்க முக்கோணங்களுமாக வெட்டி, பன்னிரு கோணம் சதுரத்தின் முக்கால் பங்கைப் பிடித்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கும்படி செய்தார். கியூர்ஷாக் ஓடு என்று அந்தப் படத்துக்கே பெயர். அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் மகளை, ஒரு மாலை நேரத்துக்கு அருமையான வேலை.

இன்னொன்று: 1/2 + 1/3 + 1/4 என்பது போல, அடுத்தடுத்து வரும் எண்களின் தலைகீழிகளை எத்தனை வேண்டுமானாலும் கூட்டுங்கள், எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள். குறைந்தது இரண்டு உறுப்பு இருந்தால் விடை ஒருபோதும் முழு எண்ணாக வராது. 1918இல் அவர் நிரூபித்தது. அடுத்தடுத்த எண்களில் 2இன் மிகப் பெரிய அடுக்கால் வகுபடுவது ஒன்றே ஒன்றுதான் இருக்கமுடியும் என்ற கவனிப்பில் அது முடிந்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை பின்தொடரக்கூடிய நிரூபணம்.

போட்டிக்கு அவர் செய்த பெரிய தொண்டு 1929இல் வந்தது. அதுவரையிலான எல்லாக் கணக்குகளையும், பரிசு பெற்ற மாணவர்களின் விடைகளை அடிப்படையாக வைத்து, ஒரே நூலாகத் தொகுத்தார். ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால், இந்தச் சின்னக் கேள்வி எந்தப் பெரிய கணிதத்தின் வாசல் என்று குறிப்பு எழுதினார். பிறகு வந்த ஆண்டுகளுக்கு அந்த வேலையை ஹாயோஷ், ஷுரானி போன்ற ஹங்கேரியக் கணிதர்கள் தொடர்ந்தார்கள். 1963இல் முதல் பகுதிகள் ஆங்கிலத்துக்கு வந்தன. நமக்கெல்லாம் அந்தக் கணக்குகள் கிடைப்பது அந்த வழியில்தான். நூறாண்டுக்கு முந்தைய தேர்வுத்தாள் ஒன்றை இன்று திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பிள்ளை உட்கார்ந்து போடமுடிகிறது என்றால், கேள்விகளையும் விடைகளையும் பூட்டி வைக்காமல் அச்சில் ஏற்றிய அந்த மனப்பான்மைதான் காரணம். போட்டி நடத்தும் பலர் இதைச் செய்வதில்லை. கேள்வித்தாளையே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். பிள்ளை எதைத் தவறவிட்டது என்று அதற்கே தெரியாமல் போகிறது.

பரிசு பெற்றவர்கள் பற்றிக் கேட்டீர்கள். உண்மைதான், பட்டியல் வியப்பூட்டும். 1897இல் இரண்டாம் பரிசு லிபோட் ஃபெயேர். மூன்று ஆண்டு கழித்து, இருபது வயதில், ஃபூரியே தொடர்கள் பற்றி அவர் கண்ட தேற்றம் இன்றும் அவர் பெயரில்தான் கற்பிக்கப்படுகிறது. 1898இல் தியோடர் ஃபான் கார்மான், பின்னாளில் விமானவியலின் பெரும் பெயர், அமெரிக்காவில் ஜெட் உந்து ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பின்னாளில் பெயர்பெற்ற கணிதர்களான டேனெஷ் கோனிக் 1902இல், ஆல்ஃப்ரெட் ஹார் 1903இல், மார்செல் ரீஸ் 1904இல், காபோர் செகோ 1912இல், டிபோர் ரடோ 1913இல். 1925இல், பின்னாளில் இயற்பியலாளர்களான எட்வர்ட் டெல்லரும் லாஸ்லோ டிசாவும் இன்னொரு மாணவரும் கணிதப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். டெல்லர் அதே ஆண்டு இயற்பியல் பரிசையும் வென்றார். பரிசு மேடையில் சேர்ந்த டெல்லருக்கும் டிசாவுக்கும் நட்பு ஆயுள் முழுக்க நீடித்தது. டிசா 1938இல் மீப்பாய்ம ஹீலியத்துக்கு, அதாவது கடுங்குளிரில் உராய்வே இல்லாமல் ஓடும் திரவ ஹீலியத்துக்கு, விளக்கம் தந்தவர்.

ரடோவின் கதை தனி. கட்டடப் பொறியியல் படிக்கப் போனவர், முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்டு சைபீரிய முகாமில் அடைபட்டார். அங்கிருந்து தப்பி நெடுந்தூரம் அலைந்து ஊர் திரும்பி, கணிதத்துக்கு மாறினார். கம்பி வளையத்தில் சோப்புப் படலம் எந்த வடிவம் எடுக்கும் என்ற பழைய புதிரைத் தீர்த்தவர்களில் ஒருவர்.

இந்தப் பட்டியலைக் காட்டி, போட்டிதான் மேதைகளை உருவாக்கியது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஜார்ஜ் போல்யா இந்தப் போட்டிக்குப் போய் விடைத்தாளைக் கொடுக்காமலேயே எழுந்து வந்தவர். கணக்குத் தீர்ப்பது எப்படி என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த ஆசிரியர் பின்னாளில் அவர்தான். கணிதத்திலும் கணினியியலிலும் பெரும் பெயரான ஜான் ஃபான் நியூமன் பள்ளி முடித்தது 1921இல், அந்த ஆண்டு போட்டியே இல்லை. பரிசு இல்லாமலும் பெரியவராகலாம், அதை உங்கள் மகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் நியூமனின் கதையிலேயே போட்டி என்ன செய்தது என்பதும் தெரிகிறது. அவர் படித்த லூத்தரன் பள்ளியின் கணித ஆசிரியர் லாஸ்லோ ராட்ஸ், இந்தப் பையனுக்கு என் பாடம் போதாது என்று கண்டுகொண்டு கியூர்ஷாக்கிடம் போனார். கியூர்ஷாக் தனிப்பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்த இளைஞர் செகோ, சில ஆண்டுகள் முன்னால் இதே போட்டியில் வென்றவர். பள்ளி ஆசிரியருக்குப் பேராசிரியரைத் தெரியும், பேராசிரியருக்குத் திறமையான இளைஞர்களைத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைப் போட்டி செய்தது. வென்ற மாணவரின் ஆசிரியருக்கும் பெரிய மதிப்புக் கிடைத்தது என்று கார்மான் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆசிரியருக்கும் பெருமை சேரும்போது, வகுப்பில் ஒரு பிள்ளை விசித்திரமாக ஒரு கேள்வி கேட்டால் அதை அதட்டி உட்காரவைக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

இன்னொரு துணையும் இருந்தது. போட்டி தொடங்கிய அதே 1894இல், ஜனவரியில், ஜியோர் என்ற ஊரில் டானியேல் அரன் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களுக்காக ஒரு கணித மாத இதழைத் தொடங்கினார். கோமால் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு மாதமும் கணக்குகள் வரும். மாணவர்கள் தீர்த்து அஞ்சலில் அனுப்புவார்கள். நல்ல விடை அனுப்பியவரின் பெயரோடு அந்த விடை அச்சாகும். பிறகு நியூமனின் ஆசிரியர் ராட்ஸே 1896 முதல் 1914 வரை அதன் ஆசிரியராக இருந்தார். போர்களால் நின்று நின்று, இன்றும் வருகிறது. போட்டி ஆண்டில் ஒரு நாள், இதழ் ஆண்டு முழுவதும். அக்டோபரில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம் அக்டோபரில் வராது, ஒரு கணக்கை ஒரு மாதம் மனதில் சுமந்து திரிந்த பிள்ளைக்குத்தான் வரும். ஹங்கேரியின் வெற்றிக்குப் போட்டியைவிட அந்த இதழுக்கே நான் அதிகப் பங்கு கொடுப்பேன்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த ஆண்டுக்கு வருகிறேன். 1947. மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் நடந்த முதல் போட்டி. புடாபெஸ்ட் இடிபாடுகளிலிருந்து எழுந்துகொண்டிருந்த காலம். அதில் இரண்டாவது கணக்கைப் புள்ளிகளும் கோடுகளுமாகக் கேட்டார்கள். ஆட்களை வைத்துச் சொன்னால் இப்படி: எந்த ஆறு பேரை எடுத்தாலும், அவர்களில் ஒருவருக்கொருவர் அறிமுகமான மூன்று பேராவது இருப்பார்கள், அல்லது ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத மூன்று பேராவது இருப்பார்கள். நிரூபிக்கவும்.

ஆறு பேருக்குள் பதினைந்து ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் அறிமுகமா இல்லையா என்று எழுதிப் பார்க்கப் போனால் முப்பதாயிரத்துக்கும் மேல் வாய்ப்புகள். அந்த வழி வேண்டாம். யாராவது ஒருவரை மட்டும் எடுங்கள். மீதி ஐந்து பேரில் அவருக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேராவது இருப்பார்கள், இல்லையென்றால் தெரியாதவர்கள் மூன்று பேராவது இருப்பார்கள். தெரிந்தவர் மூவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூவரில் எந்த இருவராவது ஒருவரையொருவர் அறிந்திருந்தால், நாம் எடுத்தவரோடு சேர்த்து அறிமுகமான மூவர் கிடைத்துவிட்டார்கள். அந்த மூவரில் யாருக்கும் யாரையும் தெரியாது என்றால், அவர்களே அறிமுகமில்லாத மூவர். தெரியாதவர் மூவர் என்ற நிலையிலும் இதே வாதத்தைத் திருப்பிப் போட்டால் போதும். முடிந்தது. ஐந்து பேருக்கு இது பொய்த்துப்போகும்: ஐவரை வட்டமாக உட்காரவைத்து, பக்கத்தில் இருப்பவரை மட்டும் தெரியும் என்று வைத்துப் பாருங்கள்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கடலே இருக்கிறது. 26 வயதில் 1930இல் இறந்துபோன ஃபிராங்க் ராம்சே என்ற ஆங்கிலேயர் தொடங்கிவைத்தது. எர்டெஷ், செகெரெஷ் என்ற இரண்டு ஹங்கேரியர்கள் 1935இல் வேறு வழியில் வந்து சேர்ந்தது. மூவருக்குப் பதில் நால்வர் வேண்டும் என்றால் ஆறு பேர் போதாது, 18 பேர் வேண்டும். ஐவர் வேண்டும் என்றால் எத்தனை பேர் வேண்டும்? இன்றுவரை யாருக்கும் தெரியாது. பள்ளிப் பிள்ளை பத்து வரியில் தீர்க்கும் கணக்கில் இரண்டு எண்ணை மாற்றினால் உலகமே திணறுகிறது. இதை வகுப்பில் சொன்னதும் பின்வரிசையில் இருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தக் கணக்கு வலைப்படங்களின், அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமான படங்களின், கணிதத்தைச் சேர்ந்தது. அந்தத் துறைக்கு உலகின் முதல் பாடநூலை 1936இல் எழுதியவர், 1902இன் பரிசாளர் கோனிக். பல ஆண்டுகள் இதே போட்டியின் நடுவர் குழுவில் இருந்து விடைத்தாள்களைப் படித்தவர். 1944 அக்டோபரில் ஹங்கேரிய நாஜிகள் ஆட்சியைப் பிடித்த சில நாட்களில், யூதப் பின்னணி கொண்ட அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 1947இல் அந்தக் கேள்வித்தாளைக் கையில் வாங்கிய பிள்ளைகளுக்கு அவர் நினைவு இருந்ததா என்று சொல்லமுடியாது. நடத்தியவர்களுக்கு மறந்திருக்காது.

இந்த மாதிரி ஹங்கேரிக்கு வெளியிலும் பரவியது. போல்யாவும் செகோவும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தபின் 1946இல் அங்கே இதே அச்சில் ஒரு பள்ளிப் போட்டியைத் தொடங்கினார்கள், 1965 வரை நடந்தது. 1959இல் ருமேனியாவில் முதல் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் நடந்தபோது வந்த ஏழு நாடுகளில் ஹங்கேரியும் ஒன்று. ஒலிம்பியாட் கணக்கு என்று இன்று நாம் சொல்வதன் சுவை, அதாவது சுருக்கமான கேள்வி, நீண்ட யோசனை, முழு நிரூபணம், பெரும்பாலும் இந்த மரபிலிருந்து வந்ததுதான்.

புத்தகம் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு இன்னும் ஒரு கணக்கால் பதில் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் புத்தகம் உண்மையாகவே உதவிய சந்தர்ப்பங்களும் உண்டு. 1928இன் முதல் கணக்கு: ஒரு மிகை எண் அ, 1ஐவிடப் பெரிய ஒரு முழு எண் ந. அவின் மடங்குகள் அ, 2அ, 3அ என்று (ந−1)அ வரை. இவற்றில் ஏதாவது ஒன்று, ஒரு முழு எண்ணிலிருந்து அதிகபட்சம் 1/ந தூரத்தில்தான் இருக்கும் என்று காட்டவேண்டும். இது டிரிக்ளே என்ற ஜெர்மன் கணிதரின் பழைய தேற்றத்தின் சாயல். அவரைப் படித்த பிள்ளைக்கு வழி தெரிந்திருக்கும். படிக்காத பிள்ளை இப்படிப் போகலாம்: சுற்றளவு 1 உள்ள வட்டத்தில் 0 என்ற புள்ளியிலிருந்து அ தூரம், 2அ தூரம் என்று நடந்து புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். 0ஐயும் சேர்த்து ந புள்ளிகள், அவற்றுக்கு இடையில் ந இடைவெளிகள், எல்லாம் சேர்ந்து 1. ஆகவே மிகச் சிறிய இடைவெளி 1/நவைத் தாண்டமுடியாது. அந்த இரண்டு புள்ளிகளின் வித்தியாசமும் அவின் ஒரு மடங்குதான். விடை கிடைத்தாயிற்று. படித்தவருக்கும் யோசித்தவருக்கும் கதவு திறக்கிறது. நிறையப் படித்த பிள்ளைக்குக் கொஞ்சம் சலுகை கிடைத்தால் அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இன்னொரு விஷயமும் இந்தப் போட்டியில் எனக்குப் பிடிக்கும். பரிசு எத்தனை என்பது முன்கூட்டியே அடித்து வைத்ததல்ல. தகுதியான விடை வராவிட்டால் முதல் பரிசைக் கொடுக்காமலே விடுவார்கள், பலர் தகுதி பெற்றால் பகிர்ந்து கொடுப்பார்கள். யார் எந்தக் கணக்கை முழுமையாகத் தீர்த்தார், யாருடைய வழி அழகு என்று நடுவர் குழு சொற்களில் எழுதும். தரவரிசை எண்ணுக்குப் பழகிய நமக்கு அது விநோதமாகத் தெரியலாம். தன் நிரூபணத்தைப் பற்றி ஒரு பெரியவர் எழுதிய இரண்டு வரி, நூற்றுக்கு இத்தனை என்ற எண்ணைவிடப் பிள்ளைக்கு நெடுநாள் கூட வரும்.

சரி, உங்கள் மகள் இதைப் போட்டுப் பார்க்கலாமா? தாராளமாக. பத்தாம் வகுப்புக் கணிதம் இருந்தால் 1894 முதல் 1905 வரையான கணக்குகளில் பாதிக்கு மேல் தொடமுடியும். கார்மான் வென்ற 1898இன் முதல் கணக்கு, 2இன் எந்த அடுக்கோடு 1ஐக் கூட்டினால் 3ஆல் வகுபடும் என்பதுதான். சில எண்களைப் போட்டாலே ஒற்றைப்படை அடுக்குகள் என்று தெரிந்துவிடும், ஏன் என்று எழுதுவதுதான் வேலை. 1894இன் மூன்றாவது கணக்கில் முக்கோணத்தின் பக்கங்கள் கூட்டுத்தொடரில் இருக்கும். பொது வித்தியாசம் 1, பரப்பு 6 என்று கொடுத்தால் நம் பழைய நண்பன் 3, 4, 5 வந்து நிற்பான். 1950களுக்குப் பிந்தைய கணக்குகளை இப்போதைக்குத் தொடவேண்டாம், அவை வேறு உயரம்.

முறை மட்டும் முக்கியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்கு போதும், மூன்றையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும், பாடப் புத்தகம் மேசையில் இருக்கட்டும். வரவில்லை என்றால் விடையைப் பார்க்காமல் ஒரு வாரம் அப்படியே விடுங்கள். குளிக்கும்போதும் பேருந்திலும் அது தானாக ஓடிக்கொண்டிருக்கும். வந்தபின் முழு வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். கணிதம் அதிகம் தெரியாத நீங்களே அதைப் படித்து, "இந்த வரி ஏன்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தால் நிரூபணம் முடிந்தது. அப்புறம் நூலில் உள்ள விடையைப் பாருங்கள், பெரும்பாலும் வேறொரு வழி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது குட்டை, எது தெளிவு என்று பேசுங்கள்.

1894இன் முதல் கணக்கை நான் மேலே உடைத்துவிட்டேன், ஆகவே தொடங்க வேறொன்று தருகிறேன். 1899இல் வந்தது. 2903, 803, 464, 261 என்று நான்கு எண்கள். நான்கையும் ஒரே அடுக்குக்கு உயர்த்துங்கள், எந்த இயல் எண் அடுக்காக இருந்தாலும் சரி. முதலாவதிலிருந்து இரண்டாவதையும் மூன்றாவதையும் கழித்து, நான்காவதைக் கூட்டுங்கள். விடை எப்போதும் 1897ஆல் வகுபடும் என்று காட்டவேண்டும். 1897 என்பது 7 × 271. இரண்டு எண்களை ஒரே அடுக்குக்கு உயர்த்திக் கழித்தால், அந்த எண்களின் வித்தியாசத்தால் அது வகுபடும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான்கு எண்களை எதை எதோடு ஜோடி சேர்ப்பது என்பதை மட்டும் அவளே கண்டுபிடிக்கட்டும். 7க்கு ஒரு விதமாகவும் 271க்கு வேறு விதமாகவும் சேர்க்கவேண்டியிருக்கும்.